இருநூற்றுப் பதினோரு பேர்

கிராசியா டெல் பிராடோவுக்குப் பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலை. ஏலிம் கிராமத்தில் யூதர் கல்லறைத் தோட்டத்தைக் காத்து வந்த அவள் கணவன் இலியாசர் காய்ச்சலில் போனபோது, தலைநகரமான பாரமாரிபோவின் யூதர் சபை "தகுந்த ஆண் ஒருவர் கிடைக்கும்வரை" என்று எழுதி அரிவாளையும் பதிவேட்டையும் அவளிடம் ஒப்படைத்தது. தகுந்த ஆண் யாரும் வரவில்லை. கோமவெய்ன ஆற்றங்கரையில் கொசுக்கடியில் குடியிருந்து முழங்கால் உயரப் புல்லை அறுக்க நகரத்தில் எவருக்கும் ஆசை இல்லை.

நான் அப்போது ஏலிம் பள்ளியில் வாத்தியார். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் கல்லறைத் தோட்டம் தெரியும். இலியாசரின் பழைய தொப்பியும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, அகன்ற தோள்களோடு அவள் குனிந்து புல் அறுப்பதும், அறுக்கும்போதே கல்லுக்கடியில் படுத்திருப்பவர்களோடு பேசுவதும் தெரியும். "நகருங்க டாக்டர், உங்க மேலதான் முள்ளு மொளைச்சிருக்கு" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

தோட்டத்தில் படித்தறியும்படி இருந்த கற்கள் இருநூற்றுப் பதினொன்று. எல்லாம் தரையோடு படுக்க வைத்த கற்கள். பழைய நாளில் சவ ஊர்வலம் படகில்தான் வரும். அதனால் படித்துறையை ஒட்டிய முன் வரிசைதான் மரியாதைக்குரிய இடம். அங்கே பன்னிரண்டு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடித்ததாகச் சொல்லப்பட்ட டாக்டர் சலோமோ கார்டோசோ, இந்த நாட்டில் முதலில் அச்சுக்கூடம் வைத்தவர்களில் ஒருவரான யாகோப் மொரேனு, ஒரு நீதிபதி, இரண்டு குருமார்கள், தோட்ட முதலாளிகள் ஆறு பேர், தளபதி யோசுவா பரியெந்தே. பின்னால் போகப் போக ரொட்டிக்காரர்கள், தையல்காரர்கள், மருத்துவச்சிகள். கடைசி வரிசை சதுப்பு ஓரத்தில் இருந்தது. யூத முதலாளிகளுக்கும் அவர்களுடைய கரும்புத் தோட்டத்து அடிமைப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வம்சத்தாரை அங்கேதான் புதைத்தார்கள். ஜெபாலயத்திலும் அவர்களுக்குக் கதவோரத்து பெஞ்சுதான். கிராசியாவின் ஆட்கள் எல்லாரும் அந்தக் கடைசி வரிசையில் இருந்தார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் நவம்பரில் ஆறு முன் வரிசையைத் தொட்டுவிட்டது. ஒரு காலையில் படித்துறையைக் காணோம். கரை நான்கு அடி உள்ளே வந்திருந்தது. டாக்டர் கார்டோசோவின் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் அகலம்தான் மிச்சம். கிராசியா சபைக்கு எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து, "வாத்தியாரே, நான் படிச்சது சரிதானான்னு பாருங்க" என்று நீட்டினாள்.

சரிதான். முன் வரிசைப் பெரியவர்கள் பன்னிரண்டு பேரின் எலும்புகளையும் கற்களையும் நகரத்துக்கு எடுத்துச் சென்று மறுபடி அடக்கம் செய்யச் சபை முடிவு செய்திருக்கிறது, அரசாங்கம் உதவுகிறது, மற்ற கல்லறைகளைப் பொறுத்தவரை கடவுள் சித்தம்.

"கடவுள் மேல பழியைப் போட்டுட்டாங்க" என்றாள். அடுத்த நாள் காலைப் படகில் நகரத்துக்குப் போனாள். எனக்கு விடுமுறை, துணைக்கு நானும் போனேன்.

சபைச் செயலாளர் பெனோனி லோபெஸ் அறுபது வயதுக்காரர். ஒல்லியான, நாகரிகமான மனிதர். கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டார். நீள மேஜையைச் சுற்றி இன்னும் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"உக்காருங்க கிராசியா. வெயில்ல வந்தீங்களா? முகமெல்லாம் கறுத்துப் போச்சே."

"முகம் முன்னாடியே கறுப்புதான் ஐயா. நான் கடுதாசி விஷயமா வந்தேன். பன்னெண்டு பேரை எடுக்கறீங்க. மத்தவங்க?"

"ஆத்தை நான் நிறுத்த முடியுமா? பாடப் புத்தகத்துல இருக்கிற பேருக்குத்தான் அரசாங்கம் உதவி பண்ணும். அதுவே பெரிய விஷயம்."

"முன் வரிசையில பன்னெண்டு குழி தோண்டினா கரை பல்லுப் போன வாய் மாதிரி ஆயிடும் ஐயா. மூணு வருஷத்துல மீதிப் பேரும் வரிசையா ஆத்துல இறங்கிடுவாங்க."

"பின்னாடி யார் யார் இருக்காங்கன்னு சபைக்கே சரியாத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

அவள் உட்காராமல் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வரிசை, அபிகாயில் துவார்த்தே. அம்மை வந்த வருஷம் ஊரே ஓடினபோது ஓடாமல் இருந்து பதினாறு வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சினவள். அவளுக்குப் பக்கத்தில் மனாசே. தீப்பிடித்த ஜெபாலயத்துக்குள் போய் வேதச் சுருளோடு வெளியே வந்தவன், அதற்குப்பிறகு இரண்டு கையையும் உபயோகிக்க முடியாதவன். நான்காவது வரிசை, ரிப்கா. பேச்சு வராத பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள். முப்பது பேர் வரைக்கும் சொல்லியிருப்பாள். லோபெஸ் கையைத் தூக்கினார்.

"இதெல்லாம் கல்லுல எழுதியிருக்கா?"

"கல்லுல பேரும் தேதியுந்தான். மீதி எங்க ஊர் வாயில இருக்கு."

லோபெஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். "பிப்ரவரி பதினைஞ்சாம் தேதி ஆளுங்களோட படகு வரும். அதுக்குள்ள நீங்க ஆத்தை நிறுத்திட்டீங்கன்னா ஒரு கல்லையும் தொடமாட்டோம். போதுமா?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கிராசியா சிரிக்கவில்லை.

"அதை எழுதிக் கொடுங்க ஐயா."

வேடிக்கை என்று நினைத்து அவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன்: "உங்க ஆளுங்க எல்லாரும் கடைசி வரிசை. ஆறு கடைசியாத்தான் அவங்ககிட்ட வரும். முன் வரிசைக்காரங்க உங்க ஆளுங்களைத் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. நீங்க ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?"

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்குத் துணை அவங்கதான் வாத்தியாரே. காலையில எழுந்ததும் அவங்க மூஞ்சியிலதான் முழிக்கிறேன். நல்லவங்களும் இருக்காங்க, திமிர் பிடிச்சவங்களும் இருக்காங்க. யாரை எடுக்கறது, யாரை விடறதுன்னு பிரிக்கிற வேலை என்னால ஆகாது."

ஏலிமில் அப்போது யூத வீடுகள் நான்குதான். மற்றவர்கள் நெல் விளைவிக்கும் இந்துஸ்தானிகள், ஜாவாக்காரர்கள், அடிமை வம்சத்துக் கிரியோல்கள். கரை கட்டுவதில் கெட்டிக்காரன் ராம்தனி. நாற்பது வயது, வாய் நீளம். கடல் தண்ணீர் வயலுக்குள் வராமல் அவன் கட்டிய அணைகள்தான் பாதி ஊருக்குச் சோறு போட்டன. கிராசியா அவன் வீட்டுக்குப் பெரிய பாத்திரம் நிறையப் 'போம்' கொண்டுபோனாள். கோழியை அடியில் வைத்து, துருவிய கிழங்கை ஆரஞ்சுச் சாற்றில் குழைத்து மேலே பரப்பிச் சுடுகிற பண்டம். அவள் கைக்கு அது நன்றாக வரும்.

"லஞ்சமா அக்கா?" என்று மூடியைத் திறந்து மோந்தான்.

"ஆமா. தின்னுட்டு வந்து கரையைப் பாரு."

தின்றுவிட்டு வந்து பார்த்தான். ஒரு மூங்கில் கழியைத் தண்ணீரில் இறக்கி ஆழம் பார்த்தான். கரையை ஓங்கி மிதித்தான். "நூத்தி இருபது தப்படி நீளத்துக்கு முளை அடிக்கணும். முளைக்குப் பின்னாடி சுள்ளியைப் பாய் மாதிரி கட்டி இறக்கிக் களிமண் போடணும். மனுஷங்க கிடைப்பாங்க. மரம் கிடைக்காது. சாதா மரத்தை அடிச்சா உப்புத் தண்ணிப் புழு ரெண்டே வருஷத்துல சல்லடை ஆக்கிடும். புழு தொடாத மரம் மேலாத்துலதான் இருக்கு. தலைவர் அபோனே ஊர்ல."

சொல்லிவிட்டு முன் வரிசையின் நடுவில் இருந்த ஒரு கல்லைப் பார்த்தான். "அங்க போனா, இந்த ஆளு இங்க இருக்கான்னு மட்டும் வாயைத் திறந்துடாத."

அந்த ஆள் தளபதி பரியெந்தே. மேலாற்று மக்கள் யாரென்றால், அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டங்களிலிருந்து காட்டுக்குத் தப்பிப் போன அடிமைகளின் வாரிசுகள். அவர்களைத் துரத்தப் படை திரட்டிப் போனவன் பரியெந்தே. "குமாகோ ஊரை எரித்துக் கலகக்காரரை அடக்கித் தோட்டங்களுக்கு அமைதி தந்த வீரன்" என்று அவன் கல்லில் போர்ச்சுகீசில் செதுக்கியிருந்தது.

டிசம்பர் கடைசியில் ஜாவாக்காரன் கசானின் மோட்டார் படகில் கிராசியாவும் ராம்தனியும் நானும் ஒன்றரை நாள் மேலே போனோம். தலைவர் அபோனே எழுபதை நெருங்கியவர். தோளில் ஒரு பழைய துணியைப் போட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து மரவள்ளி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எங்களுக்கும் கொடுத்தார். கிராசியா வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் மென்று முடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏலிமா? பரியெந்தே படுத்திருக்கிற இடமா?"

ராம்தனி அவள் காலை மிதித்தான். நான் பார்த்தேன்.

"ஆமா தலைவரே. படுத்திருக்கான். முன் வரிசை, இடது பக்கத்துல இருந்து ஏழாவது."

அங்கே நின்றிருந்தவர்களில் ஒருவன் தரையில் துப்பினான். அபோனே கையைத் தூக்கி அவனை அடக்கினார்.

"எங்க ஊரை எரிச்சவன் எலும்பு நனையாம இருக்க நாங்க மரம் வெட்டித் தரணுமா தங்கச்சி? இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்த?"

"அவனுக்காக மட்டும் கேக்கலை. அவனை விட்டுட்டும் கேக்கலை." அவள் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "என் ஆளுங்க அவன் வீட்லயும் இருந்தாங்க, அவன் கரும்புக் காட்டுலயும் இருந்தாங்க. நான் அவனுக்காக அழ வரலை. ஆனா அவன் பண்ணினதை அவனே பெருமையா கல்லுல எழுதி வெச்சிருக்கான். வருஷம், ஊர்ப் பேரு எல்லாம் இருக்கு. நகரத்துக்காரங்க அந்தக் கல்லை எடுத்துட்டுப் போய் மெருகு போட்டு, பெரிய மனுஷன்னு பலகை மாட்டப் போறாங்க. இல்லைன்னா அது ஆத்துல போகும். போயிடுச்சுன்னா குமாகோன்னு ஒரு ஊர் இருந்துச்சு, அதை எரிச்சாங்கன்னு எழுத்துல காட்ட வேற என்ன இருக்கு?"

ஒரு பெண் மரவள்ளி மாவு சலிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அபோனே எழுந்து, எங்களை உட்கார வைத்துவிட்டு, தன் ஆட்களோடு ஒரு பெரிய மரத்தடிக்குப் போனார். வெகுநேரம் பேசினார்கள். சத்தமாகவே பேசினார்கள். பொழுது சாயும் முன் திரும்பி வந்தார்.

"அன்னைக்குச் செத்தவங்க இருபத்தேழு பேரு. பேரு எல்லாம் எங்களுக்குத் தெரியும். அவன் கல்லு பக்கத்துலயே அந்தப் பேருங்க நிக்கணும். நாங்க வந்து அதைச் சத்தமா சொல்லணும். சம்மதமா?"

"சம்மதம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல தலைவரே. நான் வெறும் காவக்காரி. சபையைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாங்க. அதனால கேக்கப் போறதில்ல. பலகையை நானே நடறேன். யாராவது பிடுங்க வந்தா என்னைத் தாண்டித்தான் பிடுங்கணும்."

"உன்னைத் தாண்டறது அவ்வளவு கஷ்டமா?"

"பாத்தா தெரியலையா?" என்று அவள் இரண்டு கையையும் விரித்து நின்றாள். துப்பினவன்கூடச் சிரித்துவிட்டான்.

நூற்று நாற்பது மரங்கள். அந்த மரம் தண்ணீரில் மிதக்காது. இரண்டு படகுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவர வேண்டும். ஜனவரி முழுவதும் மேலாற்றுப் படகுகள் ஏலிமுக்கு வந்துகொண்டே இருந்தன. வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போகவில்லை; பன்னிரண்டு பேர் தங்கி முளை அடித்தார்கள். மூன்று பேர் சேர்ந்து தூக்கிப் போடும் மரத் திமிசு. அது விழும் சத்தத்துக்கு என் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லவைக்க முடியவில்லை. கடைசியில் பெரிய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நானே சுள்ளி கட்டப் போய்விட்டேன். யூத வீட்டு ஆண்கள் ஆறு பேர் களிமண் சுமந்தார்கள். கிராசியா சமைத்தாள், சேற்றில் இறங்கினாள், திட்டினாள். வெள்ளிக்கிழமை மதியத்தோடு கையைக் கழுவிவிட்டு விளக்கேற்றப் போய்விடுவாள்.

ராம்தனிக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. அவள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அக்கா, இன்னைக்கு மாதிரி வத்தல் இந்த மாசத்துலயே வராது. எல்லாரையும் கூப்பிடு."

"இன்னைக்கு ஓய்வு நாள். நான் வேலை செய்யக் கூடாது. உன்னைச் செய்யச் சொல்லவும் கூடாது."

"ஆத்துக்கு சனிக்கிழமை தெரியுமா?"

"ஆத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "சரி, நீ சொல்ல வேண்டாம். உன்னைக் கேட்டுக்கிட்டு யாரு வந்தா? மண்ணு மேல எனக்கு ஆசை, நான் போடறேன்." மேலாற்று ஆட்களோடு இருட்டும்வரை வேலை செய்தான். அவள் தின்பண்டம் எதுவும் கொடுத்தனுப்பவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. ஞாயிறு காலையில் இரண்டு மடங்கு சமைத்தாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் டாக்டர் கார்டோசோ போனார். அவர் பக்கத்தில் இன்னும் முளை அடித்திருக்கவில்லை. மத்தியானத்தில் ஒரு பெருமூச்சு போலச் சத்தம் கேட்டது. கல்லும் மண்ணும் சேர்ந்து சரிந்து தண்ணீருக்குள் போயின. கிராசியா அப்படியே இறங்கினாள். இடுப்பில் கயிறு கட்ட எங்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. அவள் மார்பளவு தண்ணீரில் நின்றபிறகுதான் கசான் கயிற்றை வீசினான். இரண்டு மணி நேரம் காலால் தடவித் தேடினார்கள். சேற்றோடு கிடைத்த எலும்புகளை ஒரு வெள்ளைத் துணியில் சேர்த்தாள். கல்லை அபோனேயின் ஆட்கள் எட்டுப் பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். மறுநாள் இரண்டாம் வரிசைக்குப் பின்னால் குழி வெட்டி அவரை மறுபடி வைத்தார்கள். பத்து யூத ஆண்கள் இருந்தால்தான் இறந்தவருக்கான பிரார்த்தனையை முறைப்படி சொல்ல முடியும். ஆறு பேர்தான் இருந்தார்கள். சங்கீதம் படித்தார்கள். அவள் கை கழுவும்போது நகமெல்லாம் பிய்ந்திருந்ததைப் பார்த்தேன்.

"சளி பிடிச்சுக்கும் டாக்டர்னு சொன்னேன், கேக்கலை" என்றாள். சொல்லிவிட்டு முதல்முறையாக அழுதாள்.

பதினைந்தாம் தேதி சொன்னபடி படகு வந்தது. லோபெஸும் மண்வெட்டியோடு எட்டு ஆட்களும். நூற்றிருபது தப்படியில் எண்பதுதான் முடிந்திருந்தது. மேலாற்று ஆட்கள் திமிசை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிராசியா ரவிக்கைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தாள்.

"முடியலை ஐயா. தேதிக்குள்ள முடிக்கலை. ஒத்துக்கறேன். இன்னும் ஒரு மாசம் வேணும்."

லோபெஸ் கட்டிய கரையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது ஒரு பெண்ணும் ஒரு அரிவாளும்தான் என்று முகத்தில் தெரிந்தது. "இது ரொம்பப் பெரிய காரியம் கிராசியா. ஆனா எனக்குச் சபை உத்தரவு இருக்கு. கட்டாத பக்கத்துல இருக்கிற நாலு பேரையாவது இன்னைக்கு எடுத்தாகணும். டாக்டருக்கு நடந்தது மத்தவங்களுக்கு நடக்கக் கூடாது."

அவள் அச்சுக்கூடத்து மொரேனுவின் கல் முன்னால் போய் நின்றாள். "மண்வெட்டியைப் போடறதுக்கு முன்னாடி உங்க தடியை இங்க குத்திப் பாருங்க ஐயா."

கல்லுக்குப் பின்னால் புல்லுக்குள் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு ஓடியது. லோபெஸ் கைத்தடியை அதில் வைத்து லேசாக அழுத்தினார். தடி இறங்கியது. இன்னும் அழுத்தினார். வெள்ளிப் பிடிவரை இறங்கிவிட்டது. அவர் சட்டென்று ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

ராம்தனி சொன்னான்: "இங்க ஒரு குழி தோண்டினீங்கன்னா அந்த நாலு பேரோட உங்க எட்டுப் பேரும் சேர்ந்து கிளம்பிடுவாங்க. நீங்க நிக்கிற இடமும் அவ்வளவு நல்லா இல்ல."

லோபெஸ் தடியை உருவி எடுத்துச் சேற்றைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் ஆட்களின் மேஸ்திரியைக் கூப்பிட்டார். "உங்களுக்கு ரெண்டு வாரம் வேலைன்னு பேசியிருக்கு. எந்த வேலைன்னு யாரும் எழுதலை. இவர் சொல்றதைச் செய்யுங்க" என்று ராம்தனியைக் காட்டினார். தானும் அன்று படகேறவில்லை. என் வீட்டில் தங்கினார்; நான்கு நாள் கோட்டைக் கழற்றிவிட்டுச் சுள்ளிக் கட்டுகளுக்கு முடிச்சுப் போட்டார். முடிச்சு மோசமாகத்தான் இருந்தது. கிராசியா அவர் போனபிறகு அவிழ்த்துக் கட்டினாள்.

மார்ச்சில் யூதர்களின் பூரிம் பண்டிகையும் பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையில் சேர்ந்து வந்தன. அந்தப் பௌர்ணமியில்தான் வருஷத்தின் பெரிய கடலேற்றம்; ஆறும் அதோடு ஏறும். கீழ்க்கோடியில் பத்துத் தப்படி இன்னும் பாக்கி. வெள்ளி மாலை கடைசிக் கூடை மண்ணைக் கொட்டிவிட்டு அவள் விளக்கேற்றப் போனாள். சனிக்கிழமை காலை காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. ஆறு பழுப்பாக, கரையின் உச்சிக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது.

அவள் வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவில் நின்றாள். குடை பிடிக்கவில்லை. ஒரு சுள்ளியைத் தொடவில்லை. யாரையும் ஒரு வார்த்தை ஏவவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வு நாளை மீறலாம்; அங்கே இருந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள். ராம்தனியும் கசானும் மேலாற்று ஆட்களும் யார் சொல்லையும் எதிர்பார்க்காமல் மூட்டை மூட்டையாக மண்ணைக் கீழ்க்கோடியில் போட்டார்கள். நானும் போட்டேன். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவள் அதே இடத்தில் நின்றாள். வேலை செய்த எங்களைவிட அவளுக்குத்தான் அன்று அதிகக் களைப்பு என்று எனக்குத் தோன்றியது.

பத்து மணிக்குக் கீழ்க்கோடி உடைந்தது. எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல் ஒவ்வொன்றாகச் சரிந்தது. ஒவ்வொன்று போகும்போதும் அவள் பேரைச் சத்தமாகச் சொன்னாள். யாகோப் மொரேனு. அவர் மனைவி லேயா. தையல்காரர் பாருக். பாருக்கின் இரண்டு பெண் குழந்தைகள், தினா, ஒரோவிதா. அதோடு நின்றது. முளை அடித்த நூற்றுப் பத்துத் தப்படியும் அசையவில்லை. மதியத்துக்கு மேல் தண்ணீர் இறங்க ஆரம்பித்தபோது ராம்தனி சேற்றிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு, "அக்கா, இருநூத்தி ஆறு" என்றான்.

"இருநூத்திப் பதினொண்ணுதான்" என்றாள். "அஞ்சு பேர் இடம் மாறிட்டாங்க."

பாஸ்கா முடிந்த வாரத்தில் அபோனே வந்தார். எட்டுப் படகுகள், பெண்களும் பிள்ளைகளுமாக நூறு பேருக்கு மேல். மிஞ்சிய மரத்தில் ராம்தனி அறுத்துக் கொடுத்த பலகையில் இருபத்தேழு பெயர்களையும் நான் எழுத, கசான் செதுக்கியிருந்தான். பரியெந்தேயின் கல்லுக்கு ஒரு அடி தள்ளி கிராசியா தன் கையால் குழி தோண்டி நட்டாள். அபோனே ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவர் ஆட்கள் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னார்கள். மதுவைத் தரையில் ஊற்றினார்கள். லோபெஸ் நகரத்திலிருந்து மூன்று பேரோடு வந்திருந்தார். ஊர் யூதர்கள் ஆறு பேரோடு சேர்த்துப் பத்து. ஆற்றோடு போன ஐந்து பேருக்கும் டாக்டருக்கும் அன்றுதான் முறையான பிரார்த்தனை நடந்தது. குமாகோக்காரர்கள் அது முடியும்வரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

மே மாதம் சபையின் கடிதத்தை லோபெஸே கொண்டுவந்தார். அனுமதியில்லாமல் பலகை நட்டதற்காகவும், ஒரு பெரியவரின் நினைவை அவமதித்ததற்காகவும் கிராசியாவை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

"நான் எதிர்த்துக் கை தூக்கினேன்" என்றார் லோபெஸ். "ஏழுக்கு ரெண்டு."

"அந்த இன்னொருத்தர் யாரு?"

"நான் சொன்னதுக்கு அன்னைக்கு மேஜையில எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சாரே, அவர்தான்."

"பலகையை எடுக்க ஆள் அனுப்புவாங்களா?"

"யாரும் வர ஒத்துக்கலை."

"அப்ப சரி. பதிவேட்டை எடுத்துட்டுப் போங்க. அரிவாள் என்னோடது, சபை கொடுத்தது எப்பவோ தேஞ்சு போச்சு." வெளியே வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டாள். அன்று புல் அறுக்கும் நாள். அறுத்தாள்.

சம்பளம் நின்றபிறகு வாரம் மூன்று நாள் போம் செய்து ஊர்ப் படகுத்துறையில் விற்றாள். பதிவேடு போய்விட்டதால் ஒரு புதிய நோட்டில் எல்லாப் பெயர்களையும், கல்லில் இல்லாத சங்கதிகளோடு எழுதினாள். எழுத்துப் பிழைகளை நான் திருத்தினேன், சில இடங்களில் திருத்தவிடவில்லை. அடுத்த வருஷம் ஜனவரியில், உடைந்த கீழ்க்கோடிக்கு இன்னும் முப்பது முளை வேண்டும் என்று ராம்தனி கணக்குச் சொன்னான். மறுநாளே கிராசியா ஒரு பெரிய பாத்திரத்தில் போம் கட்டிக்கொண்டு மேலாற்றுக்குக் கிளம்பினாள். கசானின் மோட்டார் பழுதாகிக் கிடந்தது. துடுப்புப் படகில் நான்கு நாள் ஆனது. போய்ச் சேரும்போது அபோனே கரையில் நின்றிருந்தார். "இன்னும் எத்தனை?" என்றுதான் கேட்டார்.